கோபால்ட் குரோமைட்ல காந்தம் வச்சா கெபாசிட்டன்ஸ் மாறுது, இது நிஜமாவே மல்டிஃபெர்ராயிக் தானா?

மொரப்பூர்_பிசிக்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். தர்மபுரி பக்கம் ஒரு காலேஜ்ல எம்எஸ்சி பிசிக்ஸ் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். ப்ராஜெக்ட்டுக்கு கோபால்ட் குரோமைட்னு ஒரு ஸ்பைனல் ஆக்சைடு (உலோக அயனிங்க ஆக்சிஜனுக்கு நடுவுல ரெண்டு வித எடத்துல உக்காந்திருக்கற அமைப்பு) எடுத்திருக்கேன். கோபால்ட் நைட்ரேட், குரோமியம் நைட்ரேட், சிட்ரிக் ஆசிட் வச்சு சால்-ஜெல்லுல செஞ்சு 900 டிகிரில ஃபர்னஸ்ல வச்சு எடுத்தோம், பச்சையும் நீலமும் கலந்த பவுடர் வந்துச்சு, எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-ரே வச்சு க்ரிஸ்டல் அமைப்பு பாக்கறது) வெளிய குடுத்து எடுத்ததுல வேற ஃபேஸ் எதுவும் இல்ல, லேட்டிஸ் பாராமீட்டர் 8.33 ஆங்ஸ்ட்ராம் கிட்ட வருது. அப்புறம் பெல்லட் அடிச்சு ரெண்டு பக்கமும் சில்வர் பேஸ்ட் தடவி எல்சிஆர் மீட்டர்ல (இண்டக்டன்ஸ், கெபாசிட்டன்ஸ், ரெசிஸ்டன்ஸ் அளக்கற மீட்டர்) போட்டோம். ரூம் டெம்பரேச்சர்ல 1 கிலோஹெர்ட்ஸ்ல வச்சுக்கிட்டு எலெக்ட்ரோமேக்னட்ட ஆன் பண்ணா கெபாசிட்டன்ஸ் கொஞ்சம் மாறுது, ஆஃப் பண்ணா ஓரளவு திரும்புது. கூட படிக்கிறவங்க எல்லாம் மேக்னட்டோஎலெக்ட்ரிக் கப்ளிங் (காந்தத்தால மின்சார குணம் மாறுறது) வந்துருச்சு, இது மல்டிஃபெர்ராயிக் (காந்தத்தன்மையும் மின் போலரைசேஷனும் ஒரே பொருள்ல இருக்கறது) தான், எழுதிடுன்னு சொல்றாங்க.

எழுதறதுக்கு முன்னாடி எனக்கு விஷயம் புரியணும். இது க்யூபிக் க்ரிஸ்டல், நடுவுல இன்வெர்ஷன் சென்டர் (அது வழியா எதிர்ப்பக்கம் திருப்பிப் போட்டாலும் அமைப்பு அப்படியே இருக்கற புள்ளி) இருக்கு, அப்படி இருந்தா போலரைசேஷன் (ப்ளஸ், மைனஸ் சார்ஜ் ஒரு பக்கமா விலகி நிக்கறது) வரவே கூடாதுன்னு தான படிச்சோம், அப்புறம் எப்படி இதுல எலெக்ட்ரிக் போலரைசேஷன் வருதுன்னு பேப்பர்ல எல்லாம் போடறாங்க? நான் எடுத்த ரீடிங் அதுதானா, இல்ல வேற எதாவதா? எங்ககிட்ட இருக்கறது ஃபர்னஸ், எல்சிஆர் மீட்டர், அரை டெஸ்லா வரைக்கும் போற எலெக்ட்ரோமேக்னட் மட்டும் தான், இத வச்சு உருப்படியா என்ன செய்யலாம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தென்பெண்ணை:

நல்ல கேள்விமா. எனக்கு ஊரு காவேரிப்பட்டணம், இப்ப பெங்களூர்ல இந்த ஃபீல்டுல தான் பிஎச்டி பண்றேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படி.

மொதல்ல ஒரு விஷயம். பேரியம் டைட்டனேட்ல போலரைசேஷன் வர்றது டைட்டானியம் அயனி நடுவுலேர்ந்து ஒரு பக்கமா நகர்றதால, அதுக்கு டைட்டானியத்தோட டி-ஆர்பிட்டல் காலியா இருக்கணும். காந்தத்தன்மைக்கு அதே டி-ஆர்பிட்டல்ல எலெக்ட்ரான் இருக்கணும். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகாது, அதனாலதான் ரெண்டும் சேந்த பொருள் இவ்வளவு கம்மியா இருக்குன்னு 2000ல நிக்கோலா ஹில், இப்ப ஸ்பால்டின்னு எழுதறாங்க, அவங்க ஒரு பேப்பர்ல தெளிவா சொன்னாங்க. கோபால்ட் குரோமைட் அந்த வழியிலயே போகல. இங்க அயனிங்க நகர்ந்ததால போலரைசேஷன் வரல, ஸ்பின், அதாவது ஒவ்வொரு அயனியோட குட்டி காந்தம், எப்படி அடுக்கியிருக்கோ அதுதான் போலரைசேஷன உண்டாக்குது. நீ சொன்ன இன்வெர்ஷன் சென்டர் க்ரிஸ்டல் அமைப்புல இருக்கு, ஆனா ஸ்பின்னையும் சேத்து பாத்தா குளிர வச்ச பிறகு அது இருக்காது. உன் கேள்விக்கு பதிலே இதுதான்.

இந்த ஸ்பைனல்ல கோபால்ட் டெட்ராஹெட்ரல் எடத்துல (சுத்தி நாலு ஆக்சிஜன்), குரோமியம் ஆக்டாஹெட்ரல் எடத்துல (சுத்தி ஆறு ஆக்சிஜன்). குரோமியத்துக்கு டி3, அதாவது டி-ஆர்பிட்டல்ல மூணு எலெக்ட்ரான், ஆக்டாஹெட்ரல விட்டு நகரவே நகராது, அதனால நார்மல் ஸ்பைனலா சுத்தமா வரும். குரோமியம் அயனிங்க நாலு நாலா டெட்ராஹெட்ரன் மூலைகள்ல உக்காந்திருக்கும், பக்கத்துல இருக்கற ஒவ்வொண்ணும் எதிர் திசைல நிக்கணும்னு பாக்கும், மூணு பேர் சேந்தாலே அது முடியாது, நாலு பேர்னா கேக்கவே வேணாம். இதுல கோபால்ட் வேற ரெண்டு குரோமியத்தையும் தனக்கு எதிரா இழுக்கும். இந்த இழுபறில யாருமே நேரா நிக்க முடியாம எல்லா ஸ்பின்னும் சாஞ்சு ஒரு கோன் மேல சுத்திச் சுத்தி வரும். 1962லயே லையன்ஸ், கப்ளான், ட்வைட், மென்யுக்னு நாலு பேர் இந்த ஃபெர்ரிமேக்னெட்டிக் (எதிரெதிரா நின்னாலும் கொஞ்சம் காந்தம் மிஞ்சற) ஸ்பைரல கணக்குப் போட்டு சொல்லிட்டாங்க, அப்ப போலரைசேஷன் பத்தி யாரும் நினைக்கல. இத இன்னொரு வழிலயும் பாக்கலாம், ஸ்பின் எல்லாம் நேரா நின்னா ஒரு ஃபார்முலா யூனிட்டுக்கு 3 போர் மேக்னட்டான் (அணு காந்தத்த அளக்கற அலகு) வரணும், அளந்து பாத்தா அதுல பத்துல ஒரு பங்கு கூட தேறாது. பாக்கி எல்லாம் கோன்ல சுத்தறதுல போயிடுது.

கோன் எப்படி இருக்கும்னா, விரிச்ச குடைய நெனச்சுக்கோ. குடைக்காம்பு நிக்கிற திசைதான் நிகர காந்தம். வரிசைல ஒவ்வொரு அயனியா நடந்து போனா ஸ்பின் ஒவ்வொரு கம்பியா மாறிக்கிட்டே போகும். நீ நடக்கிற திசை காம்புக்கு குறுக்கா இருக்கு, அதான் முக்கியம். 2005ல கட்சுரா, நாகவோசா, பலட்ஸ்கி மூணு பேரும் என்ன காட்டுனாங்கன்னா, பக்கத்து பக்கத்து ரெண்டு ஸ்பின்னுக்கு க்ராஸ் ப்ராடக்ட் எடு, அத ரெண்டு அயனியையும் சேக்கிற திசையோட மறுபடி க்ராஸ் பண்ணு, அந்த திசைல ஒரு சின்ன எலெக்ட்ரிக் டைபோல் வரும். ஸ்பின்-ஆர்பிட் கப்ளிங்ல (எலெக்ட்ரானோட ஸ்பின்னும் அது சுத்தறதும் பிணையறது) நடுவுல இருக்கற ஆக்சிஜனோட எலெக்ட்ரான் மேகம் லேசா ஒதுங்கறதால வர்றது. கோபால்ட் குரோமைட்ல காம்பு 0 0 1 திசை, நடக்கிற திசை 1 1 0, ரெண்டையும் க்ராஸ் பண்ணிப் பாரு, 1 -1 0 வரும். போலரைசேஷன் அந்தக் கோட்டுல தான் வருது. நடக்கிற திசையும் காம்பும் ஒரே திசைல இருந்துட்டா, அதாவது ஸ்க்ரூ மரை கணக்கா சுத்துனா, அந்த க்ராஸ் ப்ராடக்ட் பூஜ்யம் ஆயிடும், போலரைசேஷன் கிடையாது. பேப்பர் பேனா எடுத்து நீயே போட்டுப் பாத்தா ஒரு நாளும் மறக்காது.

இதெல்லாம் 2006ல ஜப்பான்ல தோக்குரா குழுவுல யமசாகி முதலானவங்க சிங்கிள் க்ரிஸ்டல்ல அளந்து காட்டினாங்க. 93 கெல்வின் வாக்குல காந்தம் ஆகுது, 26 கெல்வின் கிட்ட கோன் ஸ்பைரல் வருது, அதுக்குக் கீழதான் போலரைசேஷன். அளவு ரொம்ப சின்னது, சதுர மீட்டருக்கு 2 மைக்ரோகூலும் தான். பேரியம் டைட்டனேட் 0.26 கூலும், அதாவது ஒரு லட்சம் மடங்குக்கும் மேல. ஆனா அவங்க காட்டுன விஷயம் அளவு பத்தினது இல்ல, காந்தப்புலத்த திருப்பிப் போட்டா போலரைசேஷனும் கூடவே திரும்புது, மறுபடி திருப்புனா மறுபடி திரும்புது. மொத்த கோனும் அப்படியே கவுந்தா க்ராஸ் ப்ராடக்ட்டும் கவுரும், அதனால. அதுக்கு முன்னாடி 2003ல டெர்பியம் மாங்கனைட்ல ஸ்பைரலால போலரைசேஷன் வந்தது, அது இத விட நூத்துக்கணக்கான மடங்கு பெருசு, ஆனா அதுல நிகர காந்தம் கிடையாது. காந்தமும் போலரைசேஷனும் ஒரே ஸ்பின் அடுக்குல இருந்து சேந்து வர்றதுதான் இதோட அழகு, எனக்கு இந்தப் பொருள் மேல பிரியம் வந்ததே அதனாலதான்.

இப்ப உன் ரீடிங். 300 கெல்வின்ல இது வெறும் பாராமேக்னட், ஸ்பின் எல்லாம் ஒழுங்கில்லாம கண்டபடி திரும்பிக் கிடக்கும். கோன் இல்ல, ஸ்பைரல் இல்ல. அதனால நீ பாத்தது இந்த கப்ளிங் இல்ல. தயவு செஞ்சு அப்படி எழுதாத.

ஓசூர்_சின்டரிங்:

மேல தம்பி சொன்னது சரி. நான் ஓசூர்ல ஒரு செராமிக் பார்ட்ஸ் கம்பெனில டெஸ்டிங் பாக்கறேன், அளக்கிற பக்கத்துல இருந்து சொல்றேன்.

அப்ப கெபாசிட்டன்ஸ் ஏன் மாறுச்சுன்னு கேப்பே. 900 டிகிரில எடுத்த பவுடர்ல அடிச்ச பெல்லட் கண்டிப்பா டென்சா இருக்காது, ஓட்டை ஓட்டையா இருக்கும், காத்துல இருக்கற ஈரத்த எல்லாம் உறிஞ்சு வச்சிருக்கும், 1 கிலோஹெர்ட்ஸ்ல அந்த ஈரமே பெரிய கெபாசிட்டன்ஸ் காட்டும். எலெக்ட்ரோமேக்னட் ஆன் பண்ணா காயில் சூடாகும், பெல்லட்டும் லேசா சூடாகும், ரீடிங் நகரும், நீயே எழுதியிருக்க பாரு ஆஃப் பண்ணா "ஓரளவு" திரும்புதுன்னு, அந்த ஓரளவு தான் எனக்கு சந்தேகம். மூணாவது, க்ரெய்ன் உள்ள ஒரு ரெசிஸ்டன்ஸ், க்ரெய்ன் ஓரத்துல வேற ரெசிஸ்டன்ஸ், எலெக்ட்ரோட் ஒட்டுற எடத்துல இன்னொண்ணு. இதுக்கு மேக்ஸ்வெல்-வாக்னர் எஃபெக்ட்னு பேரு. இதுல ஏதாவது ஒரு ரெசிஸ்டன்ஸ் காந்தத்தால மாறுனா கூட கெபாசிட்டன்ஸ் மாறுன மாதிரி மீட்டர் காட்டும். கேட்டலன் 2006ல இத பத்தி தனியாவே எழுதுனாரு, கப்ளிங் கொஞ்சம் கூட இல்லாமயே காந்தத்துக்கு கெபாசிட்டன்ஸ் மாறும்னு.

செக் பண்றது கஷ்டம் இல்லமா. பெல்லட்ட 150 டிகிரில ஒரு ராத்திரி வச்சு சூடு ஆறுனதும் டெசிகேட்டர்ல இருந்து நேரா எடுத்து அள. சில்வர் பேஸ்ட்டுக்குப் பதிலா கோல்டு கோட்டிங் பண்ணி அள. பாதி தடிமன்ல இன்னொரு பெல்லட் போடு. ஃப்ரீக்வென்சிய 1 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஏத்திக்கிட்டே போ, டான் டெல்டாவயும் (மின் ஆற்றல் எவ்வளவு வீணாகுதுங்கற அளவு) கூடவே எழுது. உள்ளுக்குள்ள இருக்கற உண்மையான குணம்னா எலெக்ட்ரோட மாத்துனதுக்கோ தடிமன மாத்துனதுக்கோ மாறாது. மேல போகப் போக அந்த மாற்றம் கரைஞ்சு காணாம போச்சுன்னா அது லீக்கேஜ் சமாச்சாரம்.

இன்னொண்ணு. லூப் (வோல்டேஜ ஏத்தி இறக்கி போலரைசேஷன வரையற கிராஃப்) எடுத்து ஃபெர்ரோஎலெக்ட்ரிக்னு (தானாவே போலரைசேஷன் இருந்து, அத வோல்டேஜால திருப்ப முடியற பொருள்) போடறவங்களும் நெறைய பேர். 2008ல ஜேம்ஸ் ஸ்காட் வாழைப்பழத் தோல எடுத்து எலெக்ட்ரோட் ஒட்டி லூப் எடுத்தாரு, அச்சு அசலா பேப்பர்ல வர்ற மாதிரியே சுருட்டு வடிவத்துல வந்துச்சு. கரண்ட் ஒழுகுனா எதுல வேணா அந்த லூப் வரும்னு புரிய வைக்கத்தான் அப்படி செஞ்சாரு. உன் பெல்லட்டுக்கும் லூப் எடுத்துத் தர்றேன்னு யாராவது சொன்னா முதல்ல ரெசிஸ்டன்ஸ் எவ்வளவுன்னு பாத்துக்கோ.

ரூம் டெம்பரேச்சர்ல நிஜமாவே கப்ளிங் வேணும்னா கோபால்ட் ஃபெர்ரைட்டுக்கு வா. அதுவும் ஸ்பைனல்தான், காந்தம் வச்சா நீளம் சுருங்கும், 10 லட்சத்துல 100, 200 பங்கு சுருங்கும், ஸ்பைனல்ல அது பெருசு. அத பேரியம் டைட்டனேட் கூட சேத்து காம்போசிட் பண்ணா ஃபெர்ரைட் சுருங்கறது டைட்டனேட்ட அமுக்கும், அது பீசோ, அதாவது அமுக்குனா வோல்டேஜ் தரும். 1970கள்லயே பிலிப்ஸ் ஆராய்ச்சிக் கூடத்துல இத செஞ்சாங்க, 2004ல டைட்டனேட் ஃபிலிமுக்குள்ள ஃபெர்ரைட் தூண் தூணா வளத்து சயன்ஸ் பத்திரிகைல போட்டாங்க. ஃபெர்ரைட்ட கால் பங்குக்கு மேல போடாத, அது லேசா கரண்ட் விடும், ஒண்ணோட ஒண்ணு தொட்டுக்கிச்சுன்னா போலிங் (வோல்டேஜ் குடுத்து போலரைசேஷன ஒரே பக்கம் திருப்பறது) பண்ணவே முடியாது. என்னக் கேட்டா ப்ராஜெக்ட்டயே அதுக்கு மாத்திடு.

பாலக்கோடு_வாத்தியார்:

ஓசூர் தம்பி, நீங்க சொன்ன டெஸ்ட் எல்லாம் அருமை, ஆனா ப்ராஜெக்ட்ட மாத்தச் சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். அந்தப் பொண்ணு கேட்டது ஸ்பின் எப்படி போலரைசேஷன் குடுக்குதுன்னு. காம்போசிட்ல கப்ளிங் இருக்கு, ஆனா அது ஒண்ணு இன்னொண்ண அமுக்கறதால வர்றது, அதுல ஸ்பின் அடுக்கு பத்தின கேள்வியே எழாது. பொருள சுத்தமா செஞ்சு வச்சிருக்கா, அத விட்டுட்டு போகணுமா.

நான் முப்பது வருஷத்துக்கு மேல பிசிக்ஸ் சொல்லிக் குடுத்தவன், அம்மா நீ கவனமா கேளு. உன்கிட்ட இருக்கற எல்சிஆர் மீட்டர வச்சே இந்தப் பொருளோட 93 கெல்வின் காந்த மாற்றத்த நீ பாக்கலாம். லிக்விட் நைட்ரஜன் 77 கெல்வின், அதுக்கு மேலதான 93 இருக்கு. நைட்ரஜன் எங்க கிடைக்கும்னு நெனைக்காத, நம்ம ஜில்லாவுல சினை ஊசி போடற மாட்டாஸ்பத்திரில எல்லாம் விந்துக் குச்சிய நைட்ரஜன் கேன்ல தான் வச்சிருக்காங்க, அவங்களுக்கு எந்த ஏஜென்சி சப்ளை பண்றாங்கன்னு காலேஜ் லெட்டர்பேடோட போயி கேளு, ரெண்டு மூணு லிட்டர் போதும்.

ஒரு சின்ன கண்ணாடி டியூப்ல பவுடர இறுக்கமா அடைச்சு, அது மேல மெல்லிசான எனாமல் செம்புக் கம்பிய ரெண்டு மூணு அடுக்கா நெருக்கமா சுத்து, எத்தன சுத்துன்னு எண்ணி நோட்டுல எழுதி வை. பவுடருக்கு ஒட்டினாப்ல ஒரு பிடி-100 டெம்பரேச்சர் சென்சார். எல்சிஆர் மீட்டர இண்டக்டன்ஸ் மோடுக்கு மாத்தி காயில்ல கனெக்ட் பண்ணு. மொத்தத்தையும் தெர்மாகோல் டப்பால நைட்ரஜன்ல முக்கி 77க்கு கொண்டு போயி, நைட்ரஜன் ஆவியாகி தீந்த பிறகு தானா சூடேற விட்டு அரை அரை கெல்வினுக்கு ரீடிங் எடு. 90ல இருந்து 96க்குள்ள இண்டக்டன்ஸ் சட்டுனு விழறது தெரியணும். அப்புறம் டியூப காலி பண்ணிட்டு வெறும் காயிலோட அதே மாதிரி ஒரு ரன் எடுத்து கழிச்சுடு, ஏன்னா செம்போட ரெசிஸ்டன்ஸும் கூடவே மாறும். ஜன்னல தொறந்து வச்சு செய்யுங்க, கையுறையும் கண்ணாடியும் இல்லாம நைட்ரஜன தொடக் கூடாது.

அந்த கிராஃப் நீயே எடுத்ததா இருக்கும். 26 கெல்வின் நைட்ரஜன்ல கிடைக்காது, அதுக்கு ஹீலியம் வேணும். அத வேற எடத்துல தான் பாக்கணும்.

தென்பெண்ணை:

சார், இண்டக்டன்ஸ் ஐடியா சூப்பர், எங்க லேப்ல புதுசா வர்ற பசங்களுக்கும் இத செய்யச் சொல்லப் போறேன்.

26க்கு கீழ போக வழி இருக்குமா. யுஜிசி-டிஏஇ கன்சார்ட்டியம்னு இந்தூர்ல இருக்கு, கல்பாக்கம் பக்கத்துல கோகிலமேடுல அவங்களுக்கு ஒரு நோடு (கிளை) இருக்கு. யுனிவர்சிட்டி, காலேஜ்ல இருக்கறவங்களுக்காகவே வச்சிருக்கறது அது, உங்க கைடு பேர்ல ப்ரபோசல் எழுதிக் குடுக்கணும். எழுதும்போது மேல வாத்தியார் சார் சொன்ன கிராஃபையும் ஓசூர் அண்ணா சொன்ன டெஸ்ட் ரிசல்ட்டையும் சேத்து வை, சாம்பிள் பத்தி தெரிஞ்சவங்க தான் கேக்கறாங்கன்னு அவங்களுக்கு நம்பிக்கை வரும்.

மொரப்பூர்_பிசிக்ஸ்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, க்ராஸ் ப்ராடக்ட் போட்டுப் பாத்தேன், அண்ணா சொன்ன அதே திசை வந்துச்சு, ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. இன்னும் ரெண்டு சந்தேகம். கோபால்ட் எடத்துல மட்டும் காந்தம் இருந்து, ஸ்பைரல் எதுவும் இல்லாம, ஸ்பின் எல்லாம் நேரா மேலயும் கீழயும் நின்னா கப்ளிங் வரவே வராதா? அப்புறம் போலரைசேஷன எப்படி அளக்கறாங்க, என்னோடது பவுடர் பெல்லட் தான, க்ரிஸ்டல் இல்லையே?

தென்பெண்ணை:

மொத கேள்வி பிரமாதம், ஏன்னா அதுக்கு பதில் பெங்களூர்லயே கிடைச்சுது. ஜவஹர்லால் நேரு சென்டர்ல சுந்தரேசன் குழு 2016ல கோபால்ட் ஆக்சைடு, அதான் கோபால்ட் 3 ஆக்சிஜன் 4 இருக்கற ஸ்பைனல், அதுலயும் மாங்கனீஸ் அலுமினேட், மாங்கனீஸ் கேலேட்லயும் நேரா நிக்கிற ஆன்டிஃபெர்ரோமேக்னெட்ல (பக்கத்து ஸ்பின் எதிரெதிரா நின்னு நிகர காந்தம் பூஜ்யமாகறது) லீனியர் மேக்னட்டோஎலெக்ட்ரிக் எஃபெக்ட் காட்டினாங்க. கோபால்ட் ஆக்சைடுல ஆக்டாஹெட்ரல் எடத்துல இருக்கற கோபால்ட்டுக்கு காந்தம் கிடையாது, டெட்ராஹெட்ரல்ல இருக்கறதுக்கு மட்டும்தான். டெட்ராஹெட்ரனுக்கு நடுவுல இன்வெர்ஷன் சென்டர் கிடையாதுல்ல, அதனால காந்தப்புலம் வச்சா அந்த ஒத்த அயனியே ஒரு டைபோல் குடுக்கும். பக்கத்து டெட்ராஹெட்ரன் தலைகீழா இருக்கும், அதோட ஸ்பின்னும் தலைகீழா இருக்கும், ரெண்டு தலைகீழும் சேந்து டைபோல் ரெண்டும் ஒரே பக்கம் வந்துடும். ஆனா புலம் இருக்கற வரைக்கும் தான் போலரைசேஷன், புலத்துக்கு நேர் விகிதத்துல. புலத்த எடுத்தா பூஜ்யம். கோபால்ட் குரோமைட்ல புலத்த எடுத்த பிறகும் நிக்கும். ரெண்டும் ஸ்பைனல் தான், ரெண்டுலயும் வழி வேற வேற.

ரெண்டாவது, பைரோ கரண்ட் மெத்தட், அதாவது சூடேத்தும்போது போலரைசேஷன் மாறுறதால வர்ற கரண்ட அளக்கறது. 40 கெல்வின் வாக்குலயே எலெக்ட்ரிக் புலமும் காந்தப்புலமும் சேத்துக் குடுத்து கீழ குளிர வைக்கணும், அப்பதான் கோன் எல்லாம் ஒரே பக்கமா சுத்தும். போலரைசேஷன் காந்தத்துக்கு குறுக்க வர்றதால ரெண்டு புலமும் ஒண்ணுக்கொண்ணு குறுக்கதான் இருக்கணும், பெல்லட் தட்டைக்கு நேரா வோல்டேஜ், பக்கவாட்டுல காந்தம். 1 மில்லிமீட்டர் பெல்லட்டுக்கு 400 வோல்ட்டுன்னா மீட்டருக்கு 400 கிலோவோல்ட் வருது. கீழ போனதும் வோல்டேஜ எடுத்துட்டு ரெண்டு எலெக்ட்ரோடையும் ஷார்ட் பண்ணி ஒரு மணி நேரமாவது விடணும், மாட்டிக்கிட்ட சார்ஜ் வெளிய போகணும். அப்புறம் எலெக்ட்ரோமீட்டர் மாட்டி ஒரே சீரா சூடேத்தி வர்ற கரண்ட நேரத்தோட இன்டெக்ரேட் பண்ணனும்.

எவ்வளவு வரும்னு நீயே கணக்குப் போடு. 10 மில்லிமீட்டர் விட்டம் உள்ள பெல்லட்டுக்கு ஏரியா 78 சதுர மில்லிமீட்டர், க்ரிஸ்டல் அளவுக்கு முழுசா 2 மைக்ரோகூலும் வந்தாலும் மொத்தம் 157 பிக்கோகூலும் தான். 15 கெல்வின நிமிஷத்துக்கு 5 கெல்வின் வேகத்துல ஏத்துனா 180 செகண்ட், கரண்ட் ஒரு பிக்கோஆம்பியர் கூட வராது, பவுடர்ல திசை எல்லாம் கலந்து கிடக்கறதால அதுலயும் கம்மியா வரும். கேபிள் ஆடுனாலே அவ்வளவு வரும், அதனால ட்ரையாக்சியல் கேபிள், டெம்பரேச்சர் ஏறுற வேகம் ஆடாம இருக்கணும். வேகத்த ரெண்டு மூணு விதமா மாத்தி எடுத்துப் பாரு, பைரோ கரண்டுன்னா பீக் டெம்பரேச்சர் நகராது, மாட்டிக்கிட்ட சார்ஜ் வெளிய வர்றதுன்னா நகரும்.

கடைசியா போலிங் வோல்டேஜ மட்டும் மைனஸ்ல போட்டு மொத்தத்தையும் மறுபடி செய், கரண்ட் தலைகீழாகணும். அப்புறம் வோல்டேஜ ப்ளஸ்லயே வச்சு போல் பண்ணி, கீழ போன பிறகு காந்தப்புலத்த மட்டும் திருப்பிப் போட்டுட்டு சூடேத்து. அப்பவும் கரண்ட் தலைகீழா வந்துச்சுன்னா உடனே இங்க வந்து எழுது, நான் ராத்திரி எத்தன மணியா இருந்தாலும் பாப்பேன்.